மேதையை அளக்கும் முழக்கோல்

“நம் பிள்ளை நிஜமாகவே மேதைதானா?” ஆலைத் தொழிலாளியின் வீட்டிலும் இப்போது இந்தக் கேள்வி புகுந்துவிட்டது. மூன்று வயதில் பஸ் நம்பரைப் படிக்கிறது. கேட்ட பாட்டை அப்படியே ஒப்பிக்கிறது. தாய்க்குப் பூரிப்பு. தகப்பனுக்கோ கவலை: கவனிக்காமல் விட்டால் பிள்ளையின் மூளை பாழாய்ப் போய்விடுமோ? பெற்றவர்கள் பூரிப்பதில் தவறில்லை. அந்தப் பூரிப்பைக் காசாக்கக் கடை விரித்திருக்கும் கூட்டத்தைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம்.

பத்து விரல் ரேகையையும் பதிந்து, பிள்ளை டாக்டராகுமா, பாடகனாகுமா என்று காகிதத்தில் எழுதித் தருகிறார்கள். கட்டணம் ஆயிரக்கணக்கில்! விரல் ரேகை தாய் வயிற்றிலேயே அமைந்துவிடுவது. அது ஆளை அடையாளம் காட்டும். அறிவை அளந்து சொல்லாது. கிளி ஜோசியக்காரன் இவர்களைவிட யோக்கியன். அவன் விஞ்ஞானம் என்று சொல்லி விற்பதில்லை.

“அது மோசடியே இருக்கட்டும், ஐ.க்யூ. என்கிற புத்திப் பரீட்சை விஞ்ஞானந்தானே?” என்று சிலர் கேட்கலாம். அதன் கதையைக் கேளுங்கள். 1905-ல் பாரிஸில் ஆல்பிரட் பினே என்பவரும் அவரது சகா சிமோனும் அதை உண்டாக்கினார்கள். எதற்காக? வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து தனிக் கவனம் கொடுப்பதற்காக. புத்தி பயிற்சியால் வளரும் என்று வாதாடியவர் பினே. அவர் 1911-ல் இறந்தார். 1916-ல் டெர்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அதே கருவியைத் திருத்தி வெளியிட்டார். கைதூக்கிவிட வந்த கருவி ஆளைத் தரம் பிரிக்கும் சல்லடை ஆயிற்று!

1921-ல் கலிபோர்னியாவில் அவர் தொடங்கிய ஆராய்ச்சியில் சுமார் 1,500 பிள்ளைகள் மேதைகளென்று பொறுக்கப்பட்டனர். பெரும்பாலோர் வசதியுள்ள வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களில் ஒருவருக்கும் நோபல் பரிசு கிடைக்கவில்லை. சல்லடையில் நிற்காமல் விழுந்த இரண்டு பையன்களான ஷாக்லியும் அல்வாரெஸும் 1956-லும் 1968-லும் பௌதிகத்துக்கு அந்தப் பரிசைப் பெற்றார்கள்! (அதே ஷாக்லி பிற்காலத்தில் ஐ.க்யூ.வைக் காட்டி, கறுப்பருக்குப் புத்தி குறைவு என்று பிரசாரம் செய்தது தனிக் கேவலம்.) மூன்று வயதில் வாங்கிய மார்க் பத்து வயதில் அப்படியே நிற்பதுமில்லை.

நம் நாட்டில் சல்லடைகூடத் தேவைப்படவில்லை. 1953-ல் ராஜாஜி சர்க்கார், கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரை நேரப் பள்ளி போதும், மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றது. அப்பன் கையைப் பார்த்தே பிள்ளையின் தலைக்குத் தீர்ப்பு எழுதினார்கள்! ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள்; 1954-ல் அத்திட்டம் ஒழிந்தது.

பிள்ளையின் மூளைமீது மெய்யான அக்கறை உள்ளவர்கள் ரத்தத்தைப் பார்க்கட்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 67 பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து வற்றிய பிள்ளைக்குப் பாடத்தில் மனம் எப்படி நிற்கும்? முட்டைக்கும் கீரைக்கும் ஆகவேண்டிய கூலி ரேகைக் கடைக்கா போவது?

பள்ளிக்கூட வாசலிலும் இந்தச் சல்லடையை நிறுத்தி வைக்கிறார்கள். சேர்க்கும்போது பிள்ளையையோ பெற்றோரையோ பரீட்சித்து வடிகட்டக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை, அப்புறம் ஒவ்வொரு தடவையும் 50,000 ரூபாய் வரை அபராதம். “உங்கள் பிள்ளைக்குப் பரீட்சை வைத்துப் பார்த்துத்தான் இடம்” என்று எந்த நிர்வாகமாவது சொன்னால், பத்துப் பேராகச் சேர்ந்து போங்கள். அதை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.