நடப்பதிலும் பகுத்தறிவு வேண்டும்

கானடா தேசத்து வாலிபர் டெரி பாக்ஸ், எலும்புப் புற்றுநோயால் 1977ல் ஒரு காலை இழந்தவர். தலைவிதியென்று அவர் மூலையில் உட்காரவில்லை. 1980ல் பொய்க்காலுடன் 143 நாள் ஓடி 5,373 கிலோமீட்டர் கடந்தார். புற்றுநோய் ஆராய்ச்சிக்குத் தலைக்கொரு டாலர் கொடுங்கள் என்பதே அவர் கேட்டது. 1981ல், 22வது வயதில் இறந்தார். அவ்வாண்டே 3 லட்சம் ஜனங்கள் அவர் பெயரால் ஓடியும் நடந்தும் 35 லட்சம் டாலர் திரட்டினார்கள். அதில் போட்டியுமில்லை, பரிசுமில்லை. சென்னையிலும் இவ்வோட்டம் நடந்திருக்கிறது.

நிற்க, நம்மவர்களுக்கு நடக்கத் தெரியாதா? காவடி தூக்கிக் காத வழி நடக்கிறார்கள். காசை உண்டியலில் கொட்டிவிட்டுக் கால் கொப்புளத்தோடு திரும்புகிறார்கள். கால் அதே கால்தான், காசும் அதே காசுதான். ஆனால், அந்த நடையால் எந்த நோய்க்காவது மருந்து கண்டுபிடிக்கப்பட்டதா என்று கேட்கின்றோம். தோழர்களே, இனி நடப்பதானால் மனிதனுக்காக நடப்போமாக!