மருந்தைப் பூட்டினால் யாருக்கு லாபம்?

ஹெராயினிலிருந்து மீட்கும் மாத்திரையே தெருவில் போதையாகவும் விலைபோகிறது. கட்டுப்பாடு எவ்வளவு, தாராளம் எவ்வளவு என்பதில்தான் சிக்கல்.

பஞ்சாபில் அந்த மாத்திரையின் மருத்துவப் பெயரைச் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு. 'ஜீப் வாலி கோலி' - நாக்கு மாத்திரை - என்றாலே போதும். அதை விழுங்கக்கூடாது. நாக்குக்கு அடியில் வைத்து, பேசாமல், தண்ணீர் குடிக்காமல், சில நிமிடங்கள் கரைய விடவேண்டும். மையத்து ஊழியரின் கண்முன்னால் இது நடக்க வேண்டும் என்பது விதி. மாத்திரை வாயிலிருந்து சட்டைப் பைக்கும், அங்கிருந்து சந்தைக்கும் போய்விடக் கூடாதே என்ற பயம்தான் காரணம்.

பயம் நியாயமானதே. மாத்திரையில் இருப்பது புப்ரெனார்ஃபின். ஹெராயின், அபின் அடிமைகளை மீட்பதில் உலகெங்கும் சோதித்துப் பார்க்கப்பட்ட மருந்து. 2005-ல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இந்தியச் சட்டத்தின் பார்வையிலோ இது கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட போதைப்பொருள். இரண்டும் உண்மை.

1966-ல் இங்கிலாந்தின் ரெக்கிட் அண்ட் கோல்மன் நிறுவனம் இதைத் தயாரித்தபோது தேடியது ஒரு நல்ல வலி நிவாரணியை. அபினில் உள்ள தீபெயின் என்ற பொருளிலிருந்து இது உருவானது. ஹெராயின் மூளையில் எந்த இடங்களைப் பற்றிக்கொள்கிறதோ, அதே இடங்களை இதுவும் பற்றுகிறது, இன்னும் இறுக்கமாக. ஆனால் ஹெராயினைப் போல முழு வேகத்தில் அவற்றைத் தூண்டுவதில்லை. ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு சாப்பிட்டாலும் போதை ஏறுவதில்லை; மூச்சு அடங்கிப் போகும் அபாயமும் அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஒருமுறை சாப்பிட்டால் ஒரு நாள் முழுவதும் தாங்கும். எலும்பைக் குடையும் வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று அடிமைகளை மறுபடி ஹெராயினிடம் துரத்தும் அவதிகள் அடங்குகின்றன. வேலைக்குப் போக முடிகிறது.

"ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்பது குடும்பத்தினர் தவறாமல் கேட்கும் கேள்வி. மருத்துவர்களின் பதில்: நீரிழிவுக்காரர் வருடக்கணக்கில் இன்சுலின் போட்டுக்கொண்டால் அதை யாரும் அடிமைத்தனம் என்பதில்லை. இன்னொரு பதில் கடுமையானது. சில வாரங்கள் முகாமில் அடைத்து, எல்லாவற்றையும் நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினால், அதற்குள் உடல் ஹெராயினைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. சபலப்பட்டுப் பழைய அளவை ஏற்றிக்கொள்பவர் பிணமாகலாம். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துபவருக்கும் இதே கதிதான் காத்திருக்கிறது.

இதற்காக மருந்தை நிரபராதி என்று சொல்லிவிட முடியாது. ஹெராயின் இன்னும் உடலில் இருக்கும்போது முதல் மாத்திரையைக் கொடுத்தால், அது ஹெராயினைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்து, தவிர்க்க வேண்டிய அவதியைத் தானே கொண்டுவரும். அதனால் அவதி தொடங்கும்வரை காத்திருந்துதான் கொடுக்க வேண்டும். மதுவுடனோ, டயஸெபம் போன்ற தூக்க மருந்துகளுடனோ சேர்ந்தால் மூச்சை நிறுத்திவிடக் கூடியது. குழந்தை கையில் கிடைத்தால் ஒரு மாத்திரைகூட ஆபத்து. மலச்சிக்கல் சகஜம். வாயில் கரையும் வகைகளால் பற்கள் கெடலாம் என்று 2022-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

துஷ்பிரயோகம் இந்தியாவுக்குப் புதிதும் அல்ல. மாத்திரை மீட்பு மருந்தாகப் பரவுவதற்கு முன்பே ஊசி மருந்து வலி நிவாரணியாக இங்கே கடைகளில் இருந்தது. 1990-களில் டெல்லி, கல்கத்தா, சென்னை நகரங்களில் பிரவுன் சுகர் புகைத்துக் கொண்டிருந்த பலர் இந்த ஊசிக்கு மாறினார்கள். டயஸெபமும் ஒவ்வாமை மருந்தும் கலந்து நரம்பில் ஏற்றினார்கள். ஒரே ஊசி பல கைகளுக்குப் போனது. எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ்-சி கிருமியும் கூடவே போயின. ஊசியால் எச்.ஐ.வி. பரவுவதைத் தடுக்க, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு தனது மூன்றாம் கட்டத் திட்டத்தில் (2007-12) கையில் எடுத்த ஆயுதமும் புப்ரெனார்ஃபின்தான். இம்முறை நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையாக.

மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுபவர்களை மடக்க ஒரு தந்திரமும் உண்டு. நலாக்ஸோன் என்ற எதிர்மருந்தை நாலுக்கு ஒரு பங்கு சேர்ப்பது. நாக்குக்கு அடியில் வைத்தால் நலாக்ஸோன் பெரும்பாலும் ரத்தத்தில் சேராது. நரம்பில் ஏற்றினாலோ ஹெராயின் அடிமையைத் துடிக்க வைத்துவிடும். இது தடுப்புதான், முழுப் பாதுகாப்பு அல்ல.

எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்பதற்கு உலகம் ஒரே விடை தரவில்லை. சிங்கப்பூர் இந்த மருந்தை அனுமதித்துப் பார்த்தது. ஊசியில் ஏற்றுபவர்கள் பெருகவே 2006 ஆகஸ்டில் ஹெராயினுக்கு இணையான தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. பிரான்ஸ் எதிர்த்திசையில் போனது. 1990-களின் நடுவிலிருந்து சாதாரண குடும்ப மருத்துவரே எழுதிக் கொடுக்கலாம் என்றது. அங்கும் கள்ளச்சந்தை முளைத்தது, ஊசியும் ஏறியது. ஆனால் 1995-க்கும் 1999-க்கும் இடையில் அளவு மீறிய ஹெராயினால் நேரும் சாவுகள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. அமெரிக்கா, இதை எழுதித் தர மருத்துவர்கள் தனி அனுமதி பெறவேண்டும் என்ற விதியை 2022 டிசம்பரில் நீக்கியது.

பஞ்சாபின் கதை இரண்டுக்கும் நடுவில். 2015-ல் நடந்த ஆய்வு, மாநிலத்தில் அபின் வகைப் போதைக்கு அடிமையானவர்கள் சுமார் 2.3 லட்சம் பேர் என்றது. பாதிக்கு மேற்பட்டோர் பிடியில் சிக்கியிருந்தது 'சிட்டா' எனப்படும் ஹெராயினிடம். பெரும்பாலோர் விட்டுவிட முயன்றிருந்தார்கள். உதவி கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். 2017-ல் அரசு புறநோயாளி மையங்களைத் திறந்தது. தினமும் நேரில் வந்து மாத்திரை சாப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு.

கூலி வேலைக்காரருக்கு இதன் அர்த்தம் வேறு. மையம் தொலைவில் இருந்தால் பஸ் செலவும் வரிசையும் போக, அன்றைய கூலியும் போகும். அறுவடைக் காலத்தில் அவர் வராமல் போவதற்கு மன உறுதி இல்லாதது மட்டும் காரணமல்ல. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது வேறு வழியில்லாமல் இரண்டு வாரத்துக்கான மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தனுப்ப அனுமதித்தார்கள். நோயாளிகளுக்கு நிம்மதி. மாத்திரை வெளியே கசிகிறது என்ற புகாரும் கூடவே வந்தது.

கசிவு எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தெருவில் மாத்திரை வாங்குபவர்கள் எல்லோரும் போதை தேடுபவர்கள் அல்ல. மையத்தில் பெயரைப் பதிய வெட்கப்படுபவர், போலீசுக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சுபவர், பக்கத்தில் மையமே இல்லாதவர் - இவர்களும் அவதியைத் தணிக்கவே வாங்குகிறார்கள். அளவு சொல்ல மருத்துவர் இல்லை. கலவை ஆபத்தை எச்சரிக்க ஆளில்லை. சிகிச்சை கிடைக்காத இடத்தில் கள்ளச்சந்தைதான் மருந்தகம்.

இந்தியாவில் 2.26 கோடிப் பேர் அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று எய்ம்ஸின் 2019 அறிக்கை மதிப்பிட்டது. எல்லோரும் அடிமைகள் அல்ல. ஆனால் சிகிச்சை வேண்டியவர்கள் லட்சக்கணக்கில்.

எனவே சீர்திருத்தம் இரண்டு பக்கமும் தேவை. கணக்கில்லாமல் மாத்திரையை வெளியே விடும் மையங்களைப் பிடிக்க வேண்டும். ஆரம்ப வாரங்களில் மேற்பார்வை கறாராக இருக்கட்டும். நிலைபெற்ற நோயாளிக்கு ஒழுங்கான கணக்கோடு, வீட்டில் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கச் சொல்லி, சில நாள் மருந்தைக் கையில் கொடுக்கட்டும். மையங்கள் பெருகட்டும்.

அலமாரியைப் பூட்டுவது சுலபம். பூட்டிய அன்று மாலையிலும் சிட்டா விற்பவன் கடையைத் திறந்துதான் வைத்திருப்பான். அவன் யாரிடமும் அடையாள அட்டை கேட்பதில்லை.