கடனைக் கேட்கலாம், மானத்தைக் கேட்கலாமா?

கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில் இரண்டு பேச்சுக்கு இடம் இல்லை. வாங்கியவருக்கு நாணயம் வேண்டும்.

கொடுத்தவருக்கு நாணயம் வேண்டாமா?

அந்தக் காலத்தில் ஈட்டிக்காரன் வருவான். வாசலில் நின்று சத்தம் போடுவான். தெருவே வேடிக்கை பார்க்கும். வீட்டுக்காரர் கொல்லைப்புற வழியாக நழுவுவார்.

இன்று ஈட்டிக்காரன் இல்லை. அவன் வேலையை டெலிபோன் செய்கிறது! பொழுது விடியுமுன் மணி அடிக்கிறது. மாமனாருக்கும் போகிறது, வேலை பார்க்கும் இடத்துக்கும் போகிறது.

விதி என்ன?

இப்படிச் செய்யக் கூடாது என்று 2022-ம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி விதி செய்துவிட்டது. தவணை பாக்கிக்காகக் காலை 8 மணிக்கு முன்பும், இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது. ஏழைக் குடும்பங்கள் ஈடு இல்லாமல் வாங்கும் சிறு கடனுக்குக் காலை 9 முதல் மாலை 6 வரைதான். பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் கடன் பெரும்பாலும் இந்த வகைதான். திட்டக் கூடாது. மிரட்டக் கூடாது. உறவினரைத் தொந்தரவு செய்யக் கூடாது.

2025-ல் தமிழகச் சட்டமன்றமும் பலாத்கார வசூலைத் தடுக்கத் தனிச் சட்டம் நிறைவேற்றியது.

மார்க்கில் தப்பு!

இன்னொரு தொல்லையும் உண்டு. நம் நாணயத்துக்கு மார்க் போடும் கம்பெனிகள் இருக்கின்றன. "சிபில் மார்க்" என்று ஜனங்கள் சொல்வது இதைத்தான். கட்டி முடித்த கடன் அங்கே கட்டாத கடனாக ஏறிவிடுவது உண்டு. மகன் படிப்புக்குக் கடன் கேட்கப் போகும்போதுதான் குட்டு வெளிப்படும்!

அந்த அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாக வாங்கலாம். தப்பு இருந்தால் புகார் செய்யலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன் பிறகு நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு உண்டு.

ஏட்டுச் சுரைக்காய்

இத்தனையும் எத்தனை பேருக்குத் தெரியும்? கடன் கொடுப்பவருக்குத் தெரியும். கையெழுத்துப் போடுபவருக்குத் தெரியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

கடன் விவரத்தை வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று 2024-ல் விதி வந்தது. நல்லது, ஆனால் போதாது. வசூல் நேரத்தையும், புகார் செய்யும் இடத்தையும் கடன் அட்டையின் தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும். கையெழுத்து வாங்குமுன் அதை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். மீறும் கம்பெனிக்கு அபராதம் போட வேண்டும்.

"கெடுபிடி செய்யாவிட்டால் யார் பணம் கட்டுவார்கள்?" என்று சிலர் கேட்கலாம். பயந்தவர் என்ன செய்கிறார்? கந்து வட்டிக்கு வாங்கி இந்தக் கடனைக் கட்டுகிறார். கடன் தீரவில்லை, ஆள்தான் மாறுகிறது! தவணையைத் தள்ளிக் கொடுத்தால், உழைத்துக் கட்ட அவருக்கு வழி பிறக்கும்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். மிரட்டல் வந்தால் நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். முதலில் கடன் கொடுத்த இடத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள்.

கொடுத்த பணத்தைக் கேட்க உரிமை உண்டு. குடும்ப மானத்தைத் தெருவில் ஏலம் போட எவருக்கும் உரிமை இல்லை!