பூட்டத் தெரிந்த கேற், திறக்கத் தெரியாத நாம்



கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறோம். வாசித்துவிட்டு ஏச விரும்புகிறவர்கள் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டு ஏசுங்கள்.

போன கிழமை இரவு இஷாவுக்குப் பிறகு கரண்ட் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நேரம் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் வயசான உம்மா ஒருவருக்கு சீனி இறங்கி மயக்கம் வந்துவிட்டது. வீட்டில் இருந்தது அவவும் பத்து வயசுப் பேத்தியும் மட்டும். பிள்ளை கெட்டிக்காரி. பயந்து அழுதுகொண்டே 1990க்கு அடித்துச் சொல்லிவிட்டாள். சுவசெரிய வண்டியும் சுணங்காமல் வந்தது. வந்து கேற்றுக்கு வெளியே நின்றது.

கேற் திறக்கவில்லை. தள்ளித் திறக்கிற பெரிய கேற், மோட்டார் பூட்டியது. சுவரில் தொங்குகிற இன்டர்கொம் ரிசீவரைப் பிள்ளை எடுத்துப் பார்த்தாள், சத்தமே இல்லை. கத்தாரில் இருக்கிற மகனுக்குச் செய்தி போய், அவர் அங்கிருந்து போனில் 'ஓபன்' பட்டனை அழுத்தி அழுத்திக் களைத்துப் போனார். வீட்டு ரவுட்டருக்குக் கரண்ட் இல்லை என்றால் அந்த பட்டன் யாரோடு பேசும்? கையால் திறக்கிற சாவி அலுமாரிக்கு மேலே, கையேடு வந்த பெட்டிக்குள், பொலித்தீன் கூடப் பிரிக்காமல் கிடந்தது. அப்படியொரு சாவி இருக்கிற விஷயமே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. எட்டடி மதில், மேலே போத்தல் ஓடு. பக்கத்து வீட்டுப் பொடியன்மார் சாக்கை மடித்துப் போட்டு, ஏணி வைத்து, வண்டியில் வந்த இருவரையும் மதிலால் இறக்கினார்கள். இருபது நிமிஷம் போனது.

அல்ஹம்துலில்லாஹ், உம்மா பிழைத்துக்கொண்டா. மகனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம். "எழுதுங்க சேர், பேரை மட்டும் போடாதீங்க" என்றார்.

இனி நமக்குள் கதைப்போம்.

கேற் போடுவதையோ மதில் உயர்த்துவதையோ நாங்கள் கேலி செய்யவில்லை. 2014இல் அளுத்கமவையும் 2018இல் திகனவையும் பார்த்த சமூகம் இது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம் பெண்கள் எத்தனை இரவு தூங்காமல் இருந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். களவும் கூடியிருக்கிறது. பயம் நியாயமானது. எங்கள் வீட்டிலும் இன்டர்கொம் இருக்கிறது, நாங்களே வயர் இழுத்துப் பூட்டினோம். நமது சண்டை, இலட்சக்கணக்கில் கொடுத்து ஒரு பொருளை வாங்கி, அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல், பூட்ட வந்த பாஸுக்கு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுகிற பழக்கத்தோடுதான். புடவை எடுக்கப் போனால் மூன்று கடை ஏறி இறங்குகிறோம்.

இப்போது குமருக்கு வீடு கட்டிக் கொடுக்கிற இடத்திலும் இது வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்தால் டைல்ஸை மட்டுமா பார்க்கிறார்கள்? ரிமோட் கேற் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். அதனால் கடன்பட்டாவது கேற் போடுகிறோம். கடன்பட்ட காசு முடிந்துபோவதால் பெட்டரி போடுவதில்லை. அந்த உம்மா வீட்டு மோட்டாரிலும் பெட்டரி வைக்கிற இடம் வெறுமையாகத்தான் இருந்தது. மறுநாள் திறந்து பார்த்தோம்.

பெட்டரி என்றால் பெரிய விஷயமில்லை. அலாரத்துக்கும் யூபிஎஸ்ஸுக்கும் போடுகிற அதே 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பெட்டரிதான். 24 வோல்ட் மோட்டார் என்றால் இரண்டு. அதுவும் மூன்று நான்கு வருஷத்துக்குள் செத்துவிடும், மாற்ற வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு மாட்டிக்கொண்டதால் நாடு முழுக்க இருண்டது என்று அமைச்சரே சொன்னார். இப்படிப்பட்ட நாட்டில் கரண்ட் இல்லாமல் திறக்காத கேற்றைப் போட்டுவிட்டு, பாதுகாப்பு என்று சொல்கிறோம்.

"பழைய டெலிபோன் இன்டர்கொம் நல்லாத்தானே வேலை செய்தது" என்று சில ஹாஜியார்மார் சொல்கிறார்கள். உண்மை. அதற்குக் காரணம் இருக்கிறது. செம்புக் கம்பி டெலிபோனுக்கு எக்ஸ்சேஞ்சில் இருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. ஊர் முழுக்கக் கரண்ட் போனாலும் போன் பேசியது. கேற்றில் ஒருவர் பட்டனை அழுத்தினால் வீட்டுப் போனே மணியடிக்கும். எடுத்து யார் என்று கேட்டு, 9ஐயோ வேறொரு இலக்கத்தையோ அழுத்தினால் கதவு திறக்கும். அந்த இலக்கம் இரண்டு சுருதிகளை ஒன்றாக அனுப்புகிறது. 9 என்றால் 852 ஹேர்ட்ஸும் 1477 ஹேர்ட்ஸும். கேற் பக்கத்தில் இருக்கிற கருவி அந்தச் சத்தத்தை அடையாளம் கண்டு ரிலேயைத் தட்டும். இவ்வளவுதான் விஷயம். இன்றைக்கு வீட்டுக்கு வருவது ஃபைபர். கண்ணாடி இழையில் கரண்ட் வராது. ரவுட்டர் அணைந்தால் டெலிபோனும் அணையும், அதில் தொங்குகிற இன்டர்கொம்மும் அணையும். ஃபைபருக்கு மாறியபோது இதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ், இன்டர்கொம் பவர் சப்ளைக்கு ஒன்று. அது இருந்திருந்தால் அன்றைக்குப் பிள்ளை வெளியே இருப்பவர்களோடு பேசியாவது இருப்பாள்.

அடுத்தது பூட்டு. இரண்டு வகை இருக்கிறது. கரண்ட் போனால் தானாகத் திறந்துவிடுவது ஒரு வகை. காந்தப் பூட்டு அப்படித்தான். கரண்ட் போனாலும் பூட்டியே இருப்பது மற்றது. கடைகளில் விற்கிற எலெக்ட்ரிக் பூட்டுகளில் அதிகம் இந்த வகை. இரண்டிலும் நன்மை தீமை உண்டு. முதலாவதில் கள்ளனுக்கு வசதி, இரண்டாவதில் சாவி தெரியாத பிள்ளைக்கு ஆபத்து. தன் வீட்டில் இருப்பது எந்த வகை என்று ஒழுங்கையில் ஒன்பது வீட்டில் கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. "பாஸுக்குத்தான் தெரியும்" என்றார்கள்.

பாஸுக்கு இன்னும் என்னவெல்லாம் தெரியும் என்று யோசித்தீர்களா? உங்கள் கேற்றின் மாஸ்டர் கோட் தெரியும். பெரும்பாலும் அது கொம்பனியில் இருந்து வந்த அதே 1234 அல்லது 0000. கையேட்டின் முதல் பக்கங்களிலேயே அச்சடித்திருக்கும். அந்தக் கையேடு இன்டர்நெட்டில் சும்மா கிடக்கிறது. கேற்றில் ஒட்டியிருக்கிற பெயரைப் பார்த்து யாரும் தேடி எடுக்கலாம். எட்டடி மதில் கட்டி, போத்தல் ஓடு பதித்து, நாலு கமரா பூட்டி, கடைசியில் 1234! வேலைக்கு வந்து நின்றுபோனவருக்குக் கொடுத்த கோடையும் அழிப்பதில்லை. தொலைந்த ரிமோட்டையும் மோட்டாரின் நினைவிலிருந்து எடுப்பதில்லை. அந்த ரிமோட்டிலும் பழைய வகை ஒவ்வொரு முறையும் ஒரே சமிக்ஞையைத்தான் அனுப்பும். டவுணில் அதற்குப் பிரதி எடுக்க சில நிமிஷம் போதும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் கோட் மாறுகிற வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

வெளியே பூட்டுகிற பெட்டிக்குள்ளேயே பூட்டைத் திறக்கிற ரிலேயும் இருந்தால் இன்னும் மோசம். இரண்டு ஆணியைக் கழற்றி, பின்னால் இருக்கிற வயர் இரண்டைத் தொட்டால் முடிந்தது. ரிலே வீட்டுக்குள் இருக்க வேண்டும். இதைப் பூட்டுகிற அன்றைக்கே சொன்னால் பாஸுக்குப் பெரிய வேலை இல்லை. பிறகு சொன்னால் மதிலை உடைக்க வேண்டும்.

சில வீடுகளில் பட்டனை அழுத்தினால் பூட்டு 'ர்ர்ர்' என்று முனகும், திறக்காது. பூட்டு பழுது என்று மாற்றுவார்கள். புதுசும் முனகும். கேற்றிலிருந்து வீட்டுக்கு 30 மீற்றர் என்று வையுங்கள், இழுத்திருப்பது அரை மில்லிமீற்றர் தடிப்பு டெலிபோன் வயர். போய்வர 60 மீற்றரில் 5 ஓமுக்கு மேல் தடை. 12 வோல்ட்டில் சுமார் கால்பங்கு வழியிலேயே போய்விடுகிறது. பூட்டுக்குத் தடித்த வயர் தனியாக இழுக்க வேண்டும். பேசுகிறதற்கு மெல்லிய வயர் போதும். ஓமின் விதியைச் சாதாரண தரத்துக்குப் பாடமாக்கி ஏ எடுத்தவர்கள் நம்மூரில் எத்தனை பேர்! அது பரீட்சைத் தாளோடு முடிந்துவிடுகிறது. இந்தக் குற்றத்தில் படிப்பிக்கிற எங்களுக்கும் பங்கு உண்டு.

பிள்ளைகள் விஷயத்தில்தான் எங்களுக்கு உண்மையில் நெஞ்சு பதைக்கிறது. கேற்றின் இரு பக்கமும் ஒரு சோடிக் கண் இருக்கும், போட்டோசெல். இடையில் பிள்ளை நின்றால் கேற் மூடாமல் நிற்க அதுதான் காரணம். கண்ணில் தூசி படிந்தாலோ எறும்பு கூடு கட்டினாலோ கேற் மூடாது. துடைத்துவிட வேண்டிய இடத்தில், கூப்பிட்டதும் வருகிற சில பாஸ்மார் ஒரு துண்டு வயரைப் போட்டு அந்தக் கண்ணையே குருடாக்கிவிட்டுப் போகிறார்கள். "இப்ப சரி ஹாஜியார்." சரிதான், கேற் மூடுகிறது. யார் இடையில் நின்றாலும் மூடும். இன்றைக்கே உங்கள் கேற் மூடும்போது ஒரு தடியை அந்தக் கண்ணுக்கு நடுவே நீட்டிப் பாருங்கள். நிற்கவில்லை என்றால், திருத்தும்வரை மோட்டாரை நிறுத்தி வையுங்கள்.

மார்க்கத்தையும் கொஞ்சம் பார்ப்போம், மௌலவிமார் பிழை இருந்தால் திருத்துங்கள். அடுத்தவர் வீட்டு வாசலில் ஸலாம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும் என்பது சூரா நூரில் வந்த கட்டளை. திரும்பிப் போங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது. ஆகவே 'இப்போது முடியாது' என்று சொல்ல வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. வெள்ளிக்கிழமை வாசலுக்கு வருகிற மிஸ்கீனைத் திரையில் பார்த்துக்கொண்டே, இல்லாதவர் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதற்கு அந்த உரிமை பொருந்துமா? ஒரு வார்த்தை பதில் சொல்லத்தானே அந்த ஸ்பீக்கரை வாங்கினோம்.

அனுமதி கேட்பது வைக்கப்பட்டதே பார்வைக்காகத்தான் என்று ஹதீஸ் சொல்கிறது. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வாசலுக்கு நேரே நிற்காமல் ஒரு பக்கமாக நிற்பார்கள் என்றும் படித்திருக்கிறோம். நாம் பூட்டியிருக்கிற கமராவோ எதிர்வீட்டு முற்றத்தை நேரே பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டுப் பெண்கள் உடுப்புக் காயப்போடுவது கத்தாரில் ஒருவரின் போனில் ஓடுகிறது. கமராவைக் கீழே சாய்த்தால் போதும். இல்லாவிட்டால் அந்தப் பகுதியை மட்டும் கறுப்பாக மறைக்கிற வசதி பல கமராக்களின் செட்டிங்கில் இருக்கிறது.

போகிறவர்களுக்கும் ஒன்று. யார் என்று கேட்டால் "நான்தான்" என்கிறோம். ஜாபிர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் அப்படிச் சொன்னபோது நபியவர்கள் அதை விரும்பவில்லை. 1400 வருஷத்துக்குப் பிறகு இன்டர்கொம்மிலும் அதே "நான்தான்". பெயரைச் சொல்லுங்கள்.

"எங்க வீடு, எங்க காசு, உங்களுக்கு என்ன?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தபோது நாம் ஓடியது யாருடைய வளவால்? கிடுகு வேலியைப் பிரித்துக்கொண்டு, கேட்காமல், அடுத்தவர் வளவால் ஓடித்தான் உயிர் தப்பினோம். இன்றைக்கு அந்த வேலிகள் இருந்த இடமெல்லாம் மதில். மதில் இருக்கட்டும். பெரிய கேற்றோடு, சாதாரண சாவியால் திறக்கிற சின்னக் கதவு ஒன்று ஒவ்வொரு வளவுக்கும் இருக்க வேண்டும். அதன் சாவியும் மோட்டாரை விடுவிக்கிற சாவியும் ஒரே ஆணியில், வீட்டுப் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் தொங்க வேண்டும். வெளியே பெல் பட்டன் நாலடி உயரத்துக்கு மேல் போகக் கூடாது. சக்கர நாற்காலியில் வருகிறவரும் பிள்ளையும் எட்ட வேண்டாமா? கதவு திறந்திருக்கிற நேரத்தை 5 செக்கனுக்காவது வையுங்கள். இப்போது பல வீடுகளில் 2 செக்கன். வயசானவர் கை வைப்பதற்குள் மறுபடி பூட்டிக்கொள்கிறது. மோட்டாருக்கு மட்டும் 1 செக்கன் தட்டு போதும்.

பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். கட்டுமானத்துக்கும் கல்யாணத்துக்கும் எத்தனையோ நிபந்தனை போடுகிறீர்கள். மஹல்லாவில் தனியாக இருக்கிற வயசானவர்களின் வீட்டுச் சாவி ஒன்று நம்பிக்கையான பக்கத்து வீட்டில் இருக்கிறதா என்று ஒரு பட்டியல் எடுங்கள்.

வரும் சனிக்கிழமை அசருக்குப் பிறகு நாங்களும், மின் இலத்திரனியல் படிக்கிற எங்கள் வகுப்புப் பொடியன்மார் ஆறு பேரும் எங்கள் ஒழுங்கையில் இருந்து தொடங்குகிறோம். மாஸ்டர் கோடை எப்படி மாற்றுவது, பழைய ரிமோட்டை எப்படி அழிப்பது, கரண்ட் இல்லாமல் கேற்றைக் கையால் எப்படித் தள்ளுவது என்று வீட்டில் இருக்கிற எல்லோரையும் செய்ய வைத்துக் காட்டுவோம். புதுக் கோடை நீங்களே அழுத்த வேண்டும், நாங்கள் திரும்பி நிற்போம். கையேட்டைத் தேடி எடுத்து வையுங்கள்; தொலைந்திருந்தால் பெட்டியின் பின்பக்க லேபிளைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஆண்கள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளுக்கு டீச்சர்மார் இரண்டு பேர் கூட வருவார்கள். கூலி வேண்டாம். தேத்தண்ணி தந்தால் குடிப்போம், சீனி குறைவாக.