குதிரைச்சக்தியை வாங்குமுன் கிணற்றை அளத்தல் வேண்டும்

இறவைப் பாசனம் செய்யும் குடியானவர்கள் பலரிடம் ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் அதற்குப் பரிகாரம் முன்னிலும் பெரிய மோட்டார் ஒன்றை வைப்பதே என்பதாம். அதற்காகக் கடன் வாங்குவோரும் நகையை அடகு வைப்போரும் உண்டு. பல கிணறுகளில் குறை மோட்டாரில் இருப்பதில்லை; குழாயிலோ, பம்பு அமர்ந்துள்ள இடத்திலோ, கிணற்றின் ஊற்றிலோதான் இருக்கிறது. அவ்விடங்களில் செலவிடும் பணம் பயன் தரும்; மோட்டாரில் செலவிடும் பணம் வீணாகும்.

எந்த யந்திரமும் வேலையைப் புதிதாக உண்டாக்குவதில்லை என்பது யந்திர சாஸ்திரத்தின் முதற்பாடம். கொடுத்த சக்தியை வேறு வடிவில் திருப்பித் தருவதே அதன் தொழில். அதிலும் ஒரு பகுதியை உராய்வு விழுங்கிவிடும். கவலை இறைத்த பெரியோர் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லையாயினும் நடைமுறையில் அறிந்திருந்தனர். காளைகளின் பலத்திற்குத் தக்க சாலைக் கட்டினர். காளைகள் தம் உடற்பாரத்தையும் சேர்த்து இழுக்கும்படி அவை நடக்குமிடத்தைச் சரிவாக அமைத்தனர். கப்பி கிறீச்சிட்டால் எண்ணெய் இட்டனர். கிணறு ஆழமானால் ஒரு நாழிகையில் ஏறும் சால்களின் எண்ணிக்கை குறையுமென்பதை ஏற்றுக்கொண்டனர். சால், வடம், சரிவு, காளை, கிணறு ஆகிய யாவும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன. அப்பொருத்தமே இன்றைய பம்புசெட்டுகள் பலவற்றில் காணப்படாதது.

ஒரு குதிரைச்சக்தி என்பது, சுமார் 76 கிலோகிராம் எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயர்த்தும் திறனாகும். 18-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் வாட் என்பவர் தம் நீராவி யந்திரத்தைக் குதிரைகளோடு ஒப்பிட்டுக் காட்ட இவ்வளவை வகுத்தார். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோகிராம் எடையுள்ளது. ஆகவே விநாடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் உயரம் என்னும் இரண்டையும் பெருக்கி 76-ஆல் வகுத்தால் தேவையான குதிரைச்சக்தி கிடைக்கும். பம்பினுள் ஏற்படும் நஷ்டத்திற்காக அதை உத்தேசமாக இரட்டித்துக் கொள்ளலாம்.

இதில் பலரும் விட்டுவிடுவது குழாயின் உராய்வு. நீர்மட்டத்திலிருந்து வாய்க்கால் 12 மீட்டர் உயரத்தில் உள்ளதென்றும், குழாயின் நீளம் 100 மீட்டர் என்றும், விநாடிக்கு 10 லிட்டர் வேண்டுமென்றும் கொள்வோம். 75 மில்லிமீட்டர் குழாயாயின் உராய்வு ஏறக்குறைய 7 மீட்டர் உயரத்திற்குச் சமமாகும். மொத்தம் 19 மீட்டர். 5 குதிரைச்சக்தி போதும். 100 மில்லிமீட்டர் குழாயாயின் உராய்வு 2 மீட்டருக்கும் குறைவு. மூன்றரை குதிரைச்சக்தியே போதும். 50 மில்லிமீட்டர் குழாயிலோ உராய்வு 50 மீட்டரைத் தாண்டும். அதே தண்ணீருக்கு 17 குதிரைச்சக்தி வேண்டும். குழாயின் விட்டம் பாதியானால் உராய்வு சுமார் 32 மடங்காகும் என்பதே காரணம். 75 மில்லிமீட்டர் குழாயை வைத்துக்கொண்டே இருமடங்கு தண்ணீரை விரும்புவோர்க்கு நான்கு மடங்கிற்கும் மேற்பட்ட சக்தி தேவைப்படும். சிறிய குழாயை வாங்கி மிச்சம் பிடித்தவர், அம்மிச்சத்தைப் போலப் பன்மடங்கு மோட்டாருக்குக் கொடுக்கிறார்.

பழைய பம்பை வைத்துக்கொண்டு மோட்டாரை மட்டும் பெரிதாக்குவது இன்னும் வீணான காரியம். சாதாரண மோட்டாரின் வேகத்தை மின்சாரத்தின் அலைவெண் நிர்ணயிக்கிறதேயன்றிக் குதிரைச்சக்தி நிர்ணயிப்பதில்லை. நிமிடத்திற்குச் சுமார் 1,440 சுற்றோ 2,880 சுற்றோ சுற்றும் சிறிய மோட்டாரை எடுத்துவிட்டு அதே வேகமுள்ள பெரிய மோட்டாரை வைத்தால், பம்பு முன்னிருந்த அளவுத் தண்ணீரையே ஏறக்குறையத் தரும்.

பம்பு தண்ணீரை உறிஞ்சுகிறது என்பதும் சரியன்று. குழாயிலுள்ள காற்றை அது நீக்க, வெளிக்காற்றின் அழுத்தமே தண்ணீரை மேலே தள்ளுகிறது. அவ்வழுத்தம் கடல்மட்டத்தில் சுமார் 10.3 மீட்டர் நீரைத்தான் தாங்கும்; நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டருக்கு மேல் எதிர்பார்த்தல் கூடாது. கோடையில் நீர்மட்டம் இதற்கும் கீழே இறங்கும்போது, மேலே அமர்ந்த பம்பு எத்தனை குதிரைச்சக்தியுடையதாயினும் திணறும். பம்பைக் கிணற்றுக்குள் கீழிறக்கி வைப்பதோ, நீர்மூழ்கிப் பம்பு அமைப்பதோ தான் வழி. புட்வால்வின் கசிவும் அவசியமில்லாத வளைவுகளும் இதே தீங்கைச் செய்யும்.

மின்சாரம் சில மணி நேரமே வருவதால் அதற்குள் இறைத்துவிடப் பெரிய மோட்டார் வேண்டும் என்று குடியானவர்கள் கூறுவது நியாயமற்றதன்று. ஆனால் ஊற்று அதற்கு இடங்கொடுக்க வேண்டுமல்லவா? 6 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஒரு மணி நேரத்தில் 30 சென்டிமீட்டர் நீர் ஊறுமாயின், அது சுமார் 8,500 லிட்டர். விநாடிக்கு 10 லிட்டர் இறைக்கும் பம்பு அதைக் கால் மணி நேரத்திற்குள் தீர்த்துவிடும். அதன்பின் பெரிய மோட்டார் செய்வது கிணற்றை இன்னும் விரைவில் வற்றச் செய்வதே. சேமித்து வைக்க ஒரு தொட்டியும் அகலமான குழாயும் அந்நிலையில் அதிகம் உதவும்.

தமிழ்நாட்டில் 1990-இல் விவசாயப் பம்புகளுக்கு மின்சாரம் இலவசமாக்கப்பட்டது முதல், விரயமாகும் சக்தி குடியானவரின் செலவுக் கணக்கில் தென்படுவது அரிது. ஆயினும் கருகிய காயிலைக் கட்டும் கூலியும், மேலும் மேலும் ஆழப்படுத்தும் செலவும், அண்டைக் கிணற்றாரோடு உண்டாகும் மனத்தாங்கலும் அவர் தலையிலேயே விழுகின்றன.

ஆதலின் மோட்டார் வாங்க எண்ணுவோர் முதலில் நான்கு அளவுகளைக் குறித்துக் கொள்ளுதல் நலம். அவையாவன: கோடையின் நீர்மட்டம், ஒரு மணி நேரத்து ஊற்று, குழாயின் நீளமும் விட்டமும், இப்போது வரும் தண்ணீர். கடைசியதை அறிய 200 லிட்டர் பீப்பாயும் கடிகாரமும் போதும். பீப்பாய் 20 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 10 லிட்டர். கிராம உத்தியோகஸ்தர்கள் தம் கிராமத்துக் கிணறுகளின் கோடை நீர்மட்டத்தை ஆண்டுதோறும் எழுதி வைத்துக் கேட்போர்க்குக் காட்டுவாராயின், அது பேருபகாரமாகும். இவ்வளவுகளைக் கையில் கொண்டு கடைக்குச் செல்பவர் தமக்கு வேண்டியதைத் தாமே கேட்டு வாங்குவார். அளக்காமற் செல்பவர் கடைக்காரர் விற்க விரும்பியதை வாங்கி வருவார்.