கூட்டமெல்லாம் கூட்டுறவாகுமா?

கூடி விளையாடுவது சமுதாயப் பண்பு, தனித்து விளையாடுவது தனிமனித வாதம் என்று முற்போக்கு நண்பர்கள் சிலர் எளிதில் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். அவ்வாறாயின் ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ என்னும் மாயலோகக் கணினி ஆட்டம் 2014இல் இணையவழிப் பலர் ஆட்டமாக்கப்பட்டதை நாம் வரவேற்றிருக்க வேண்டும். நாம் வரவேற்கவில்லை.

1994இல் தொடங்கிய தொடர் அது. 2002இல் வந்த ‘மொரோவிண்ட்’ ஆட்டத்தோடு அவ்வுலகைத் திருத்தியமைக்கும் கருவியையும் சேர்த்தே கொடுத்தார்கள். முகமறியாத எத்தனையோ பேர் அதைக் கொண்டு புதிய ஊர்களையும் கதைகளையும் ஆக்கி, காசு வாங்காமல் பகிர்ந்துகொண்டனர். கூட்டுப் படைப்பு என்பது அதுவன்றோ! இணைய ஆட்டத்தில் அவ்வுரிமை இல்லை. ஆயிரம் பேரை ஒரே வீதியில் நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் ‘உலகை மீட்க வந்தவன் நீயே’ என்று ஓதும் கேலிதான் உண்டு. நமது காமன் கூத்தில் மதன் ஒருவன், ரதி ஒருத்தி. லயம் முழுவதும் சேர்ந்தே அக்கூத்தைத் தாங்கி நிற்கும்.

தொடக்கத்தில் மாதச் சந்தா 14.99 டொலர். அப்போது பட்டிப்பொல முதல் ஹட்டன் வரை தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபாய். நான்கு நாள் உழைப்புக்கும் மேல்! 2015இல் கட்டாயச் சந்தா நீங்கி, ‘கிரவுன்’ என்ற கம்பனி நாணயம் வந்தது. மெய்யான பணத்துக்கு வாங்கும் அந்நாணயம் கம்பனிக் கடையிலன்றி வேறெங்கும் செல்லாது. பெரிய கங்காணியின் பற்றுக் கணக்கையும், 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட துண்டு முறையையும் கண்ட மலையகத்துக்கு இவ்வித்தை புதிதன்று.

அந்த ஆட்டத்தை ஆக்கும் ஸெனிமேக்ஸ் ஒன்லைன் நிறுவனத்தில் 2024 டிசம்பரில் 461 ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைத்தனர். 2025 ஜூலையில் உடைமையாளரான மைக்ரோசொஃப்ட் நடத்திய ஆட்குறைப்பு அவர்களையும் தாக்கியது. கூட்டு வாழ்வைப் புகழும் நண்பர்கள் இச்சங்கத்தைப் பற்றி ஒரு வரியேனும் எழுதினார்களா?