இயக்கியும் வழிநூலும்

ஒட்டன்சத்திரத்தினின்று மலையேறுவார்க்குப் பாச்சலூர் காப்பித் தோட்டங்களினிடையே தோன்றும் சிற்றூர். சென்ற கோடை விடுமுறையை யாம் ஆண்டு எம் மாமன் இல்லத்திற் கழித்தோம். மூலையில் ஒரு பழைய மடிக்கணினி கிடந்தது. அதிலிருந்த விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்துக்கு ஆக்கியோரின் ஆதரவு 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டது. யாம் அதில் லினக்ஸை நிறுவினோம். கம்பியில்லா இணைப்பு உடனே கிடைத்தது. மாமன் மகள் வியந்து, “இதை எழுதியவர் யார், அண்ணா?” என்றாள். விடை, ஏத்5கே என்னும் அவ்வியக்கியின் மூலநிரல் முகப்பிலேயே இருந்தது.

சாதன இயக்கி என்பது கணினியின் உறுப்புக்கும் இயங்குதளத்துக்கும் இடைநின்று பேசும் நிரல். அதற்கு முகம் இரண்டு. உறுப்பை நோக்கிய முகம், எவ்விடத்தில் எவ்வெண்ணை எழுதினால் உறுப்பு என் செய்யும் என்பதை அறியும். அஃது எத்தளத்துக்கும் ஒன்றே. தளத்தை நோக்கிய முகமோ, நினைவகம் கேட்டலையும் செய்திப் பொட்டலங்களை ஒப்படைத்தலையும் அவ்வத்தளத்தின் வழக்கிற்கேற்பச் செய்தல் வேண்டும். ஆகலின், பெயர்ப்போன் முன்னதைக் காத்துப் பின்னதைப் புதிதாக யாக்கிறான். தொல்காப்பியர் வழிநூல் வகை நான்கனுள் மொழிபெயர்ப்பையும் ஒன்றாக வைத்தார். இயக்கிப் பெயர்ப்பும் வழிநூலே என்பது எம் துணிபு.

ஏதரோஸ் நிறுவனம் தன் சில்லுகளின் உள்விவரங்களை வெளியிடாதிருந்த காலத்தில், ரைக் பிளோட்டர் என்பார் அவற்றின் நடத்தையை ஆராய்ந்து, ஓபன்பிஎஸ்டி தளத்துக்குத் தடையற்ற நிரலொன்றை எழுதினார். லினக்ஸ் அன்பர்கள் அதனைப் பெயர்த்தனர். 2007-இல், அவருடைய உரிம வாசகத்தை நீக்கி, அவ்விடத்தில் குனு பொது உரிமத்தை வைக்கும் திருத்தம் ஒன்று முன்வைக்கப்பட்டது. பூசல் மூண்டது. முடிவில் பழைய வாசகம் காக்கப்பட்டது. 2008-இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.25-இல் இயக்கி இடம்பெற்றது.

“இலவசமாய்க் கொடுத்தவர்க்குப் பெயர்மீது பற்று எதற்கு?” என்பர் சிலர். யாம் உடன்படோம். அவ்வுரிமம் காசு கேட்கவில்லை. பெயரும் இசைவு வாசகமும் படிதோறும் நிற்றல் வேண்டும் என்ற ஒன்றையே கேட்டது. அவ்வொன்றையும் மறுத்தல் முழு விலையையும் மறுத்தலாம். அன்றியும், புதிய உரிமம் மட்டும் நின்றிருப்பின், லினக்ஸில் கண்ட திருத்தங்களை ஓபன்பிஎஸ்டி தன் கொள்கைப்படி ஏற்க இயலாது. கொடுத்தவர் வீட்டுக்கே கதவடைத்தல் அறமாகுமா? நன்னூலார் சிறப்புப் பாயிரத்தின் எட்டு உறுப்புகளுள் ஆக்கியோன் பெயரையும் வழியையும் முதற்கண் வைத்தது வெறும் சடங்கன்று.

மாணவ அன்பர்காள்! இயந்திரம் நொடியில் தொகுத்துத் தரும் கட்டுரைக்கு நம் பெயரை இட்டு ஆசிரியர் கையிற் கொடுக்கும் காலம் இது. அதனுள் உழைத்தவர் எத்தனை பேர் என நாம் எண்ணுவதில்லை. பிறர் பொருளைப் பெயர்த்தல் இழிவன்று. பாயிரத்தைக் கிழித்தலே இழிவு. பாச்சலூரில் அச்சிறுமிக்கு யாம் பெயரைப் படித்துக் காட்டினோம். அவ்வரிகள் நீங்கியிருப்பின், அவள் வினாவுக்கு வாய்மூடி நின்றிருப்போம்.